பொய் எச்சரிக்கையும் நம் கடமையும்

வீடுதோறும் கணிப்பொறி புகுந்துவிட்ட இந்நாளில், “உங்கள் கணிப்பொறியில் வைரஸ் நுழைந்துவிட்டது” என்னும் எச்சரிக்கையைக் காணாதார் அரியர். கண்டவுடன் சிலர் அஞ்சிக் கோப்புகளை அழிக்கின்றனர். சிலர் பொருட்படுத்தாது மூடிவிடுகின்றனர். இரண்டுமே தவறு என்பது நம் கருத்து.

எச்சரிக்கை பொய்யாவது இருவகையில். ஒன்று, காவலனின் பிழை. வைரஸ் தடுப்பு மென்பொருள், தீய நிரல்களின் அடையாளங்களோடு நம் கோப்புகளை ஒப்பிட்டு ஐயுறுகிறது. அடையாளம் ஒத்துவிடின் நல்ல கோப்பும் குற்றவாளியாகும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாக் கோப்பொன்றையே வைரஸ் எனக் கொண்டது. பல நாடுகளில் கணிப்பொறிகள் முடங்கின.

மற்றொன்று, காவலன் வேடமிட்ட கள்வன். இணையத்தில் உலவும்போது திடீரெனத் திரையை மறைத்து, ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டி, “உடனே அழையுங்கள்” என்று மிரட்டும் அறிவிப்பு இவ்வகையது. தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது என மைக்ரோசாஃப்ட் நிறுவனமே கூறியுள்ளது. அழைத்தவர் இழப்பது பணத்தையும் கணிப்பொறியின் கட்டுப்பாட்டையும்.

எனவே, முதலில் அவ்வெண்ணை அழையாது உலாவியை மூடுக. பின்னர், நம் தடுப்பு மென்பொருளை நாமே திறந்து, எச்சரிக்கை அங்கும் உள்ளதா எனக் காண்க. இருப்பின், கோப்பை அழிக்காமல் தனிமைப்படுத்துக. மென்பொருளைப் புதுப்பித்து மீண்டும் சோதிக்க. ஐயம் நீங்காவிடின், பல தடுப்பு மென்பொருள்களின் கருத்தை ஒருங்கே தரும் வைரஸ்டோட்டல் தளத்தில் அக்கோப்பைச் சோதிக்கலாம். அங்கு இடுபவை பிறர் பார்வைக்கும் செல்லக்கூடுமாதலின், சொந்த ஆவணங்களை இடலாகாது.

இங்கே ஒன்றை வலியுறுத்த விழைகிறோம். திருட்டு மென்பொருளைத் தருவோர், “அது பொய் எச்சரிக்கைதான், தடுப்பை நிறுத்திவிடுங்கள்” என்று கூறுவதுண்டு. பொய் எச்சரிக்கை உண்டு என்னும் உண்மையே கள்வனுக்குக் கருவியாகிறது. சான்றின்றி அஞ்சுவது எவ்வளவு கேடோ, சான்றின்றித் துணிவதும் அவ்வளவு கேடே.

மாணவச் செல்வங்களே! இல்லத்துப் பெரியோர் இவ்வெச்சரிக்கை கண்டு கலங்கும்போது நகையாடாதீர். நகைத்தால் அடுத்த முறை உங்களிடம் கேளார். திரையில் தோன்றும் எண்ணையே அழைப்பர். அருகமர்ந்து பொறுமையாக விளக்குங்கள். அவர்தம் வாழ்நாள் சேமிப்பைக் காக்கும் அரண் அதுவே.