விதியின் மேல் பழி போடாதே, சாலையைத் திருத்து!

விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வழியாகச் சிவகாசி செல்லும் சாலையில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் அச்சகத்துக்கும் போகும் ஆண்களும் பெண்களும் வேன்களில் நெருக்கியடித்துச் செல்கிறார்கள். தூக்குச்சட்டியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போகிறவர்கள் இருக்கிறார்கள். களையெடுக்கப் போகும் பெண்கள் சாலையோரத்தில் வரிசையாக நடக்கிறார்கள். அவர்களை உரசிக்கொண்டு சரக்கு லாரிகள் பறக்கின்றன. வரி கொடுத்துச் சாலை போட்ட இந்த ஜனங்கள் அச்சமின்றி நடக்க, அதே சாலையில் எத்தனை அடி ஒதுக்கப்பட்டிருக்கிறது?

விபத்து நடந்தால் மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வருகிறது. டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதுவார்கள். குறுக்கே வந்தவரின் குற்றம் என்று எழுதுவார்கள். ஊரார் விதி என்று சொல்லிக் கண்ணீரைத் துடைத்துக் கொள்வார்கள். அந்தச் சாலையை அப்படி வரைந்தது யார், அப்படிப் போட்டது யார் என்று கேட்பவர் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் கேட்கிறோம்.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல. ஓடுகிற இயந்திரத்தில் கை சிக்கினால் "தொழிலாளியின் அஜாக்கிரதை" என்று முதலாளி சொல்லித் தப்பிய காலம் ஒன்று இருந்தது. தொழிலாளி வர்க்கம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மனிதன் களைப்படைவான், கண நேரம் கவனம் சிதறுவான். ஆகவே இயந்திரத்துக்குத்தான் காப்பு வேலி போட வேண்டும் என்று வாதாடினோம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அந்தப் பொறுப்பை ஆலை நிர்வாகத்தின் தலையில் வைத்தது. சாலையும் ஓர் இயந்திரமே. லட்சக்கணக்கானோர் தினந்தோறும் அதன் பற்சக்கரங்களுக்கு நடுவே போய் வருகிறார்கள். அதற்குக் காப்பு வேலி எங்கே?

மத்திய சர்க்காரின் கணக்கையே பார்ப்போம். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துக்கள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். உயிரிழந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் செத்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். 19 பேர் கால்நடையாகப் போனவர்கள். மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டுதான். சாவிலோ நூற்றுக்கு 36. கார் வைத்திருப்பவன் விரைந்து போகப் போட்ட சாலையில் கார் இல்லாதவன் சாகிறான் என்பதே இந்தக் கணக்கின் பொருள்.

நூற்றுக்கு 71 சாவுக்கு அதிவேகமே காரணம் என்று அதே அறிக்கை கூறுகிறது. உண்மை. வேகம் இரு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்காகிறது. அதைத் தாங்கும் உடம்பு எவருக்கும் இல்லை. ஆனால் அந்த வேகத்துக்கு அழைப்பு விடுப்பது எது? ஊருக்கு நடுவே நேராகவும் அகலமாகவும் தார் விரித்து, ஓரத்தில் "மெதுவாகச் செல்" என்று ஒரு பலகை நட்டால், டிரைவர் பலகையைப் பார்ப்பாரா, சாலையைப் பார்ப்பாரா? விருதுநகர், சாத்தூர் வழியாகச் செல்லும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கினார்கள். ஒரு பக்கம் ஊர், மறு பக்கம் நிலம் என்று இருக்கும் இடத்தில், புல்லுக்கட்டைச் சுமந்து வரும் பெண் அரை மைல் சுற்றித் திரும்புவாளா? குறுக்கேதான் கடப்பாள். இது வரைபடம் போட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி.

ஸ்வீடன் நாடு சோஷலிச நாடல்ல. அங்கே 1997-இல் பாராளுமன்றம் ஒரு முடிவு செய்தது: மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையை அமைப்பது சாலை போடுகிறவரின் கடமை. எதிரெதிர் வண்டிகள் மோதாமல் நடுவே கம்பிவட வேலி போட்டார்கள். ஊருக்குள் வேகத்தைக் குறைத்தார்கள். 1997-இல் அங்கே சாலையில் மாண்டவர்கள் 541 பேர்; 2022-இல் 227 பேர். அந்த நாட்டைப்போல் நம் மாநிலத்தின் ஜனத்தொகை சுமார் ஏழு மடங்கு. நம் சாலைச் சாவோ ஏறக்குறைய எண்பது மடங்கு. இதையும் விதி என்பதா?

நம் நாட்டில் அறிவுக்குப் பஞ்சமில்லை. எஞ்சினீயர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ், சாலைப் பாதுகாப்புத் தணிக்கைக்கென்று 2010-இலேயே கையேடு வெளியிட்டது. சாலையை வரையும்போது, போடும்போது, திறக்குமுன், திறந்த பிறகு என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஆபத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே அந்தத் தணிக்கை. கோவை டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் 2017 நவம்பர் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 198ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. விதித்த தரப்படி சாலை அமைக்காததால் உயிர் போனால், பொறுப்பான அதிகாரிக்கும் காண்ட்ராக்டருக்கும் அபராதம் உண்டு என்கிறது அது. எவ்வளவு? ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல்! ஹெல்மெட் இல்லாத தொழிலாளியை மறித்து ஆயிரம் ரூபாய் வசூலிக்கப் போலீஸ் நிற்கிறது. இந்தப் பிரிவைக் கையிலெடுத்து காண்ட்ராக்டரின் வாசலில் போய் நிற்பது யார்?

ஹெல்மெட் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தொழிலாளி அவசியம் அணிய வேண்டும். அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் திட்டத்தை 2021-இல் மாநில சர்க்கார் தொடங்கியதையும் வரவேற்கிறோம். ஆனால் அது அடிபட்ட பின் கிடைக்கும் மருந்து. அடிபடாமல் காப்பது அதனினும் பெரிய வேலை.

1976-இல் இந்த வட்டாரத்தில் தீப்பெட்டி வேலைக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற வண்டி வெள்ளத்தில் சிக்கி, பல பிள்ளைகள் மாண்டார்கள். பிஞ்சுகளை வேலைக்கு அனுப்பிய கொடுமையை அதன் பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. உழைப்பவன் ஆலைக்குப் போகும் வழியும் அவன் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்ற பாடமும் அதில் இருந்தது. அந்தப் பாடத்தைப் படித்தோமா?

இப்போது சிவகாசியைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள வெளிவட்டச் சாலை கட்டம் கட்டமாகத் திட்டமிடப்பட்டிருக்கிறது. லாரிகள் ஊருக்குள் வராமல் வெளியே செல்வது நல்லதே. ஆனால் அந்தச் சாலை கிராமங்களையும் வயல்களையும் ஆலை வழிகளையும் அறுத்துக்கொண்டு போகும். தார் ஊற்றிய பின் அழுது பயனில்லை. ஆகவே நாம் கோருவது:

புதிய சாலைக்கும் விரிவுபடுத்தும் சாலைக்கும் வரைபட நிலையிலேயே பாதுகாப்புத் தணிக்கை நடத்துக! தணிக்கை செய்பவர் காண்ட்ராக்டரின் ஆளாக இருக்கக் கூடாது. அறிக்கையைத் தமிழில் மாநகராட்சியிலும் ஊராட்சிகளிலும் ஒட்டுக!

ஜனங்கள் கடக்கும் இடங்களில் சுரங்கவழியோ, வண்டியின் வேகத்தை அடக்கும் மேடான கடவையோ, விளக்கோ அமைத்திடுக! நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் தனி இடம் விடுக! பேருந்து நிற்க ஒதுக்கிடம் தருக!

ஆலை தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் போதிய அரசுப் பேருந்துகளை ஓட்டுக!

சாவு நேர்ந்த ஒவ்வொரு விபத்திலும் சாலையின் குறையையும் விசாரித்து, 198ஏ பிரிவின்படி நடவடிக்கை எடுத்திடுக!

கோரிக்கை எழுதினால் மட்டும் போதாது. எந்த வளைவில் வண்டி கவிழ்கிறது, எந்தத் திருப்பத்தில் இரவில் கண் தெரிவதில்லை, எங்கே மழைத் தண்ணீர் தேங்குகிறது என்பது மேசைமுன் இருக்கும் எஞ்சினீயரைவிட அந்த வழியே தினமும் போகும் தொழிலாளிக்கு நன்றாகத் தெரியும். சங்கக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஊர் ஊராக இந்த இடங்களைப் பட்டியலிடட்டும். கிராம சபைகளில் தீர்மானம் போடுங்கள். கலெக்டர் தலைமையில் இயங்கும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவிடம் மகஜர் கொடுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.

இயந்திரத்துக்கு வேலி போட வைத்தது நம் ஒற்றுமை. சாலைக்கும் அதுவே வேலி போட வைக்கும். காலையில் வேலைக்குப் போன தாய் மாலையில் வீடு திரும்ப வேண்டும். இதற்குக் குறைந்த எதையும் நாம் ஏற்க மாட்டோம்.