பழைய கம்ப்யூட்டருக்குப் பால் ஊற்றும் முன்...

கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவானால் போதும், தீர்ப்பு தயாராக இருக்கும். "பழசாயிடுச்சுண்ணே, இனிமே தாங்காது. புதுசு ஒண்ணு போட்டுடுங்க." கடைக்காரர் இதைத்தான் சொல்வார், பக்கத்து ஸ்டூடியோக்காரரும் இதைத்தான் சொல்வார். எந்தப் பாகம் மெதுவாக இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். காய்ச்சல் என்று படுத்தவருக்கு நாடி கூடப் பார்க்காமல் பாடை கட்டச் சொல்வது மாதிரி இது.

இந்தத் தீர்ப்பால் அதிகம் அடிபடுவது போட்டோ வேலை செய்பவர்கள். சிறுநகரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவருடைய நிலைமையைப் பாருங்கள். கேமராவுக்கு ஒரு தவணை, லென்ஸுக்கு ஒரு தவணை. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் வருகிற காசுதான் ஆடிக்கும் மார்கழிக்கும் சேர்த்துச் சோறு போட வேண்டும். இதில் புதுக் கம்ப்யூட்டர் என்றால் இன்னொரு தவணை. விஸ்காம் படிக்கும் மாணவனுக்கும் இதே கதைதான். (தவணை கட்டுவது அவன் அப்பா, அது ஒன்றுதான் வித்தியாசம்.)

ஆகவே "புதுசா, பழசா?" என்பது இங்கே சரியான கேள்வியே இல்லை. அடுத்து செலவழிக்கப் போகும் ஆயிரம் ரூபாயை எங்கே போட்டால் அதிக நேரம் மிச்சமாகும்? இதுதான் கேள்வி. இது டெக்னாலஜி கேள்வி மாதிரி தெரிந்தாலும், உண்மையில் காமர்ஸ் கேள்வி.

ஏட்டில் செத்ததெல்லாம் வீட்டில் சாவதில்லை

கணக்குப் புத்தகத்தைக் கேட்டால் கம்ப்யூட்டருக்கு ஆயுசு ரொம்பக் குறைவு. 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, மேசைக் கம்ப்யூட்டருக்கும் லேப்டாப்புக்கும் கொடுத்திருக்கும் பயன்பாட்டுக் காலம் 3 வருடம். வருமான வரி விதிகளில் முன்பு கம்ப்யூட்டருக்கு 60 விழுக்காடு தேய்மானம் இருந்தது. 2017-18 நிதியாண்டிலிருந்து அது 40 ஆனது. 40 விழுக்காடு என்றாலும் குறைந்து செல் மதிப்பு முறையில் போட்டுப் பாருங்கள். 50,000 ரூபாய்க்கு வாங்கியது முதல் வருட முடிவில் 30,000, பிறகு 18,000, 10,800, 6,480. ஐந்தாம் வருட முடிவில் ஏட்டில் நிற்பது வெறும் 3,888 ரூபாய்.

ஆனால் இது வரிக்கும் இருப்புநிலைக் குறிப்புக்கும் போடும் கணக்கு. ஏட்டில் மதிப்பு இறங்கியதால் பிராசசர் ஒரு நொடி கூட மெதுவாக ஓடுவதில்லை. ஏழு வருடத்துக்கு முன் வாங்கிய பெட்டி முதல் நாளில் எத்தனை வேகமோ அதே வேகத்தில்தான் இன்றும் கணக்குப் போடும் (உள்ளே தூசி அடைத்து, சூடேறி, தன்னைத்தானே மெதுவாக்கிக் கொள்ளாத வரையில்). மாறியது வேலையின் அளவு. 10 மெகாபிக்ஸல் கேமரா இருந்த இடத்தில் இன்று 24 மெகாபிக்ஸல், சிலரிடம் 45.

இன்னொரு பக்கமும் உண்டு. "அன்னிக்கே அம்பதாயிரம் போட்டேன், எப்படி விடறது?" என்று பழசைக் கட்டிக்கொண்டு அழுபவர்களும் இருக்கிறார்கள். போன காசு போனதுதான். பொருளாதாரத்தில் இதை மூழ்கிய செலவு என்பார்கள். வைத்துக்கொள்வதற்கும் அது காரணம் ஆகாது, தூக்கிப் போடுவதற்கும் காரணம் ஆகாது.

ஒரு போட்டோவின் உண்மையான எடை

சரி, வேலையின் அளவு என்றால் எவ்வளவு? 24 மெகாபிக்ஸல் போட்டோ ஒன்றில் 6000-க்கு 4000, அதாவது 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். 8 பிட்டில் திறந்தால் 72 எம்.பி., 16 பிட்டில் திறந்தால் 144 எம்.பி. ஹார்ட் டிஸ்க்கில் ஜேபெக் கோப்பாகத் தூங்கும்போது பத்து எம்.பி. அளவில்தான் இருக்கும். எழுந்து உட்கார்ந்தால் இவ்வளவு! அது ஒரு லேயருக்கு மட்டும்.

கல்யாண ஆல்பத்துக்கு வருவோம். 12-க்கு 36 அங்குல ஷீட் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 3600-க்கு 10800. கிட்டத்தட்ட 3 கோடியே 89 லட்சம் புள்ளிகள். 8 பிட்டிலேயே முழு லேயர் ஒன்றுக்கு 117 எம்.பி. பக்கம். பின்னணி, பூ டிசைன், மாப்பிள்ளை, பெண், நிழல், எழுத்து என்று லேயர் மேல் லேயராக ஏற்றினால் ஒரே ஷீட் ஒரு ஜி.பி.யைத் தாண்டிவிடும். போதாததற்கு, "அன்டூ" கொடுப்பதற்காக முந்தைய நிலைகளையும் போட்டோஷாப் ஞாபகம் வைத்துக்கொண்டே போகிறது.

ரேமில் இடம் தீர்ந்ததும் போட்டோஷாப் வேலையை நிறுத்துவதில்லை. மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. "ஸ்க்ராட்ச் டிஸ்க்" என்பது இதுதான். அந்த டிஸ்க் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், விண்டோஸும் போட்டோஷாப்பும் போட்டோ கோப்புகளும் ஒரே தட்டில், ஒரே முள்ளுக்காக வரிசையில் நிற்கின்றன. ரேஷன் கடையில் ஒரே தராசு இருப்பது போல. பின்னால் எத்தனை பேர் சுறுசுறுப்பாக இருந்தும் பயன் இல்லை.

எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் வெளியிட்ட "தி கோல்" என்ற நாவலில் தொழிற்சாலைகளுக்குச் சொன்னதும் இதுதான். ஒரு வரிசையின் வேகம் அதில் உள்ள மிக மெதுவான இடத்தின் வேகம். அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு எங்கே பணம் போட்டாலும் வீண்.

நாடி பார்ப்பது எப்படி?

இதற்குக் காசே வேண்டாம். வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கலாம். மெமரி நிரம்பி, டிஸ்க் 100 விழுக்காட்டில் தவித்து, பிராசசர் 20 விழுக்காட்டில் ஓய்வாக இருந்தால் பிராசசர் மேல் பழி போட முடியாது. போட்டோஷாப்பிலேயே இன்னொரு வசதி உண்டு. படத்தின் கீழ் ஓரத்தில் கோப்பு அளவு காட்டும் இடத்தில் "எஃபிஷியன்சி" என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு எண் வரும். 100-க்குக் கீழே இறங்கினால் ரேம் போதாமல் டிஸ்க்கைத் தொடுகிறது என்று அர்த்தம். பத்து நிமிட வேலை. "பழசாயிடுச்சு" என்பவர்களில் பலர் இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழித்ததே இல்லை.

பார்த்தபிறகு செலவு வரிசை பெரும்பாலும் இப்படித்தான் அமையும்.

முதலில் எஸ்.எஸ்.டி. பழைய ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாகப் படிக்கும்போதே நொடிக்கு 100 முதல் 200 எம்.பி. வரைதான் கொடுக்கும். சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகள் என்றால் இன்னும் கேவலம். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. 500 எம்.பி.க்கு மேல் கொடுக்கும். முள் நகர வேண்டிய வேலையே இல்லை. பத்து வருடப் பழைய மதர்போர்டிலும் சாட்டா இணைப்பு இருக்கிறது. விண்டோஸ், போட்டோஷாப், ஸ்க்ராட்ச் மூன்றையும் இதற்கு மாற்றிவிட்டுப் பழைய ஹார்ட் டிஸ்க்கை முடிந்த ஆல்பங்களைப் போட்டுவைக்கும் பரணாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ரேம். 8 ஜி.பி. என்பது இன்று போட்டோஷாப் கேட்கும் குறைந்தபட்ச அளவு. 16 இருந்தால் ஆல்பம் வேலை மூச்சு விடும். 32 பிட் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் எத்தனை ரேம் போட்டாலும் 4 ஜி.பி.க்கு மேல் அதற்குக் கண் தெரியாது. முதலில் அதை மாற்ற வேண்டும். இன்னொன்று, 2025-ன் பிற்பாதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. ஏ.ஐ. சர்வர்களுக்கான மெமரி பக்கம் தயாரிப்பாளர்கள் திரும்பினார்கள். சில்லறை வாடிக்கையாளர்களுக்கு "குரூசியல்" என்ற பெயரில் விற்றுவந்த வியாபாரத்தையே விடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே பழைய பெட்டிக்குள் இருக்கும் ரேமும் ஒரு சொத்துதான், அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டாம்.

மூன்றாவது, எல்லோரும் மறக்கும் மானிட்டர். வேகம் குறைந்தால் நேரம்தான் போகும். நிறம் தப்பினால் பிரிண்ட் போன காசு, வாடிக்கையாளர் இரண்டும் போகும். அரக்கு நிறக் கூறைப்புடவை ஆல்பத்தில் ஆரஞ்சாக வந்தால் பெண் வீட்டார் சும்மா விடுவார்களா? இங்கேதான் புதுசு மோகம் ஏமாற்றுகிறது. மலிவு விலை லேப்டாப்புகள் பலவற்றில் "45 விழுக்காடு என்.டி.எஸ்.சி." என்று குறிப்பிடப்படும் திரை இருக்கும். எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் அது காட்டும். பழைய கம்ப்யூட்டரோடு எஸ்.ஆர்.ஜி.பி. முழுவதையும் காட்டும் நல்ல ஐ.பி.எஸ். மானிட்டர் ஒன்றைச் சேர்த்தால், அந்தப் புத்தம்புது லேப்டாப்பைவிடப் போட்டோ வேலைக்கு அது மேல். ஐ.பி.எஸ். மானிட்டர் நாளைக்குக் கம்ப்யூட்டர் மாறினாலும் கூடவே வரும். மதர்போர்டு அப்படி வராது.

பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கடைசியில்தான். போட்டோ எடிட்டிங்கில் பெரும்பகுதி நேரம் மனிதக் கைக்கும் கண்ணுக்கும் போகிறது. ஆல்பத்துக்கு 10 மணி நேரம் என்றால் அதில் 7 மணி நேரம் கைவேலை, 2 மணி நேரம் டிஸ்க்குக்காகக் காத்திருப்பது, 1 மணி நேரம் பிராசசரின் கணக்கு என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், பிராசசரை இரட்டிப்பு வேகமாக்கினால் மிச்சமாவது அரை மணி நேரம். டிஸ்க்கை நாலு மடங்கு வேகமாக்கினால் ஒன்றரை மணி நேரம்.

எப்போது விட வேண்டும்?

இதையெல்லாம் படித்துவிட்டுப் பழசே கதி என்று இருந்துவிடவும் கூடாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வீட்டு உபயோகத்துக்குப் பாதுகாப்பு நீட்டிப்பு ஒன்றை 2026 அக்டோபர் வரைக்கும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏற்கப்படும். வாடிக்கையாளரின் குடும்பப் படங்கள் இருக்கும் பெட்டியைப் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் இன்டர்நெட்டில் விட்டுவைப்பது சரியில்லை. அப்படிப்பட்ட பெட்டியை லினக்ஸுக்கு மாற்றி, ஜிம்ப், டார்க்டேபிள் பழகலாம். இரண்டும் இலவசம். 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3.0, ஃபில்டர்களைப் பிறகும் மாற்றிக்கொள்ளும் வசதியோடு வந்திருக்கிறது. ஆனால் பி.எஸ்.டி. டெம்ப்ளேட்டை நம்பிப் பிழைக்கும் ஸ்டூடியோவுக்கு இந்த மாற்றம் லேசில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏ.ஐ. வேலையும் ஓர் எல்லைக்கோடு. 2023-ல் லைட்ரூமில் வந்த ஏ.ஐ. டீநாய்ஸ், கிராபிக்ஸ் கார்டைப் பிழிந்தெடுக்கும். பழைய பெட்டியில் ஒரு படத்துக்கே நிமிடக் கணக்கில் ஆகும். மண்டப வெளிச்சத்தில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைத் தினமும் அதில் போட்டு எடுப்பவர் புதுசு வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாதம் இரண்டு படத்துக்காக யாரும் கடன் வாங்க வேண்டியதில்லை.

பத்து வருடப் பழைய போர்டில் விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டைச் செருகுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். கார்டுக்காகப் பவர் சப்ளை, பவர் சப்ளைக்காகக் கேபினெட், கடைசியில் "இவ்வளவு செஞ்சாச்சு, போர்டையும் மாத்திடலாம்". கோவணத்தைக் காக்கப் பூனை வளர்த்த சாமியார் கதைதான். வேறு பெட்டிக்கு எடுத்துப் போக முடிகிற எஸ்.எஸ்.டி., மானிட்டர் போன்றவற்றில் பணம் போடலாம். இந்தப் பெட்டியோடு சேர்ந்து சாகப் போகிற பாகத்தில் போடக் கூடாது. முடிவெடுக்க இந்த ஒரு விதி போதும்.

மிச்சமாகும் பணத்தில் முதல் செலவும் புதுக் கம்ப்யூட்டர் அல்ல, இரண்டாவது பிரதி. படங்களுக்கு மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதியைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக், அவரும் ஒரு போட்டோகிராபர்தான். மெதுவான கம்ப்யூட்டர் ஆல்பத்தை நாலு நாள் தாமதமாக்கும். தாலி கட்டிய படம் அழிந்துபோனால், அதற்காக இன்னொரு முறை தாலி கட்டச் சொல்ல முடியுமா?

ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லை, ஸ்டூடியோவில் கூட்டமும் இருக்காது. தள்ளுபடி போர்டைப் பார்த்துக் கடைக்குக் கிளம்பும் முன், பெட்டியைத் திறந்து தூசியைத் தட்டி, டாஸ்க் மேனேஜரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பால் ஊற்றுவதற்கு எப்போதும் நேரம் இருக்கிறது, முதலில் நாடி பார்க்கட்டும்.