புதிய வாகனம் வந்தால் பழைய வாகனத்தின் பெறுமதி என்னவாகும்? ஸ்போர்ட்ஸ் கார் சந்தை கற்பிக்கும் பாடம்

மோட்டார் வாகனம் என்பது விற்பனை நிலையத்தின் வாயிலைத் தாண்டிய நாளிலிருந்தே பெறுமதி குறையத் தொடங்கும் பொருளாகும். கணக்காளர்கள் ஆண்டுதோறும் அதன் பெறுமானத் தேய்வைக் கழித்த பின்னரே ஐந்தொகையைத் தயாரிக்கின்றனர். ஆயினும், அந்நியச் செலாவணியைச் சேமிக்கும் நோக்குடன் 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதைத் தொடர்ந்து, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இந்நாட்டில் இவ்விதி தலைகீழாகிப் போனது. பல ஆண்டுகள் ஓடிய சிறிய கார்கள்கூட, புதிதாக வாங்கப்பட்டபோது இருந்த விலையிலும் கூடுதலான விலைக்குக் கைமாறின. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களின் இறக்குமதிக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டபோது, புதியவை வந்திறங்கினால் பழையவற்றின் பெறுமதி என்னவாகும் என்ற கேள்வி வாகனம் வைத்திருந்தோர் அனைவரிடமும் எழுந்தது.

இக்கேள்விக்கு மிகத் தெளிவான விடை கிடைக்கும் இடம் உலகின் ஸ்போர்ட்ஸ் கார் சந்தையாகும். அங்கே வாங்குபவருக்கு வாகனம் அன்றாடத் தேவையன்று; விருப்பம் மட்டுமே. எனவே ஒரு புதிய தலைமுறை அறிமுகமாகும்போது பழைய தலைமுறையின் விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதை வேறு காரணிகளின் கலப்பின்றிப் பார்க்க முடிகிறது. செல்வந்தர்களின் பொழுதுபோக்குத்தானே என்று ஒதுக்கிவிடாமல் அதனை நோக்குவோமாயின், நமது சாதாரண குடும்பங்களின் சேமிப்புக்கும் பொருந்தும் ஓர் உண்மை புலப்படும்.

பொது விதி எளிமையானது. புதிய மாதிரி வந்ததும் அதனை வாங்க விரும்புவோர் தம்மிடமுள்ள பழையதை விற்க முனைகின்றனர். சந்தையில் பழையவை குவிகின்றன. புதியதோ வேகத்திலும் பாதுகாப்பிலும் மேம்பட்டதாக இருக்கிறது. ஆகவே பழையதன் விலை சரிகிறது. பெரும்பாலான வாகனங்களுக்கு நேர்வது இதுவே. ஆனால், புதியது எதைக் கொண்டு வந்தது என்று மட்டும் பார்ப்பவர்கள் கணக்கில் பாதியையே பார்க்கின்றனர். புதியது எதனை எடுத்துச் சென்றது என்பதே மறுபாதியாகும்.

ஜேர்மனியின் போர்ஷே நிறுவனத்தின் 911 கார் இதற்குச் சிறந்த உதாரணம். 1963இல் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்ட இந்த மாதிரி, மூன்று தசாப்தங்களுக்கும் மேலாகக் காற்றினால் குளிரூட்டப்படும் என்ஜினைப் பின்புறத்தில் கொண்டதாகவே தயாரிக்கப்பட்டு வந்தது. அவ்வகையில் இறுதியானது 993 எனும் தலைமுறையாகும். 1997இல் அறிமுகமான 996 எனும் தலைமுறையில் நீரினால் குளிரூட்டப்படும் என்ஜின் பொருத்தப்பட்டது. மாசு, இரைச்சல் ஆகியன தொடர்பான சட்டங்கள் இறுகி வந்த காலத்தில் இம்மாற்றம் தவிர்க்க முடியாததாயிருந்தது. புதிய கார் பழையதைவிட இடவசதி மிக்கது, வேகமானது, தயாரிப்புச் செலவும் குறைந்தது. 1990களின் தொடக்கத்தில் பெரும் நெருக்கடியில் இருந்த அந்நிறுவனத்தை மீட்டெடுத்ததில் 996இற்கும், அதனுடன் பல பாகங்களைப் பகிர்ந்துகொண்ட பொக்ஸ்டர் காருக்கும் பெரும் பங்குண்டு.

அவ்வாறிருந்தும் காலம் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. சில ஆண்டுகள் வழமைபோல் விலை குறைந்து வந்த 993, 2010களின் நடுப்பகுதியில் சேகரிப்பாளர்களால் தேடப்படும் பொருளாகி, தனக்குப் பின் வந்த 996இன் விலையைப் பல மடங்கு தாண்டிச் சென்றது. 996 நீண்ட காலம் 911 குடும்பத்தின் ஆக மலிவான உறுப்பினராகவே விளங்கியது. தன்னிலும் விலை குறைந்த பொக்ஸ்டரின் முகத்தோற்றத்தையே அது கொண்டிருந்தமையும், என்ஜினின் உட்புறத் தண்டொன்றைத் தாங்கும் பெயாரிங் பழுதடையும் என்ற அச்சமும் அதற்குத் துணைக் காரணங்களாயின. 993 ஏறத்தாழ 68,000 மட்டுமே தயாரிக்கப்பட்டிருக்க, 996 ஏறத்தாழ 175,000 வரை தயாரிக்கப்பட்டமையும் கவனிக்கத்தக்கது. எனினும் தலையாய காரணம் ஒன்றே. காற்றினால் குளிரூட்டப்படும் 911 இனி வரப்போவதில்லை என்பதைப் புதிய மாதிரி உறுதிப்படுத்திவிட்டது. இங்கே பழையதன் பெறுமதியை உயர்த்தியது புதியதன் வருகையேயாகும்.

ஜப்பானிய கார்களின் கதையும் இதனை ஒத்ததே. 1993இல் வெளிவந்து 2002 வரை தயாரிக்கப்பட்ட டொயோட்டா சுப்ராவின் நான்காம் தலைமுறை, அதன் உறுதிமிக்க ஆறு சிலிண்டர் என்ஜினாலும் 2001இல் வெளியான 'தி பாஸ்ட் அன்ட் த பியூரியஸ்' திரைப்படத்தினாலும் புகழ்பெற்றது. 2019இல் ஐந்தாம் தலைமுறை வந்தபோது, அதன் என்ஜின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தினுடையதாக இருந்தது. கார் ஒஸ்ட்ரியாவில் தயாரிக்கப்பட்டது. ஆரம்பத்தில் மனுவல் கியரும் அதில் இருக்கவில்லை. விளைவாக, புதிய சுப்ராவைப் பற்றிய ஒவ்வொரு பேச்சும் பழைய சுப்ராவுக்கான விளம்பரமாகவே மாறியது. அத்திரைப்படத்தில் பயன்படுத்தப்பட்ட 1994ஆம் ஆண்டுக் கார் 2021இல் அமெரிக்க ஏலமொன்றில் 550,000 டொலருக்கு விலைபோனது. திரைப்படப் புகழ் இல்லாத சாதாரண சுப்ராக்களின் விலைகளும் அக்காலத்தில் உயர்ந்தே சென்றன.

இதுவரை கூறியவற்றிலிருந்து, அரிதானவை என்றென்றும் விலையேறும் என்ற முடிவுக்கு வருவது பெருந்தவறாகும். அதே போர்ஷே நிறுவனத்தின் மற்றொரு அனுபவம் இதனை உணர்த்துகிறது. 2013இல் அந்நிறுவனம் வெளியிட்ட 911 ஜிடி3 காரில் மனுவல் கியர் நீக்கப்பட்டு, இரட்டை கிளச் கொண்ட தன்னியக்கக் கியர் மாத்திரமே வழங்கப்பட்டது. சாரதி தன் கையால் கியர் மாற்றும் இன்பத்தை இழந்த வாடிக்கையாளர்கள் ஏமாற்றமடைந்தனர். 2016 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் 911 ஆர் எனும் கார் அறிமுகமாயிற்று. 500 குதிரைவலு, ஆறு வேக மனுவல் கியர். மொத்தமாக 991 கார்கள் மட்டுமே. அமெரிக்காவில் அதன் அடிப்படை விலை 184,900 டொலராக நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் மறுவிற்பனைச் சந்தையில் கேட்கப்பட்ட விலைகள் அதனைப் பல மடங்கு விஞ்சின. ஓட்டுவதற்காகவன்றி, விற்பதற்காகவே வாங்கியோர் பலர்.

ஒரே ஆண்டு கழிந்தது. 2017 மார்ச்சில் அதே ஜெனீவாவில் புதுப்பிக்கப்பட்ட ஜிடி3 வெளியானது. அதே 500 குதிரைவலு. விரும்பியோர் அதே மனுவல் கியரைத் தெரிவு செய்யலாம். எண்ணிக்கைக்கு வரம்பும் அறிவிக்கப்படவில்லை. 911 ஆர் காரின் விலை உச்சத்திலிருந்து சரிந்தது. அது இன்றும் ஆரம்ப விலைக்கு மேலாகவே விற்கப்படுகிறது என்பது உண்மையே. ஆயினும் உச்ச விலையில் வாங்கியவர்களுக்கு அதனால் ஆறுதல் இல்லை. அவர்கள் வாங்கியது காரையன்று. மனுவல் கியர் இனி வராது என்ற நம்பிக்கையை. அந்த நம்பிக்கையோ நிறுவனத்தின் ஒரு தீர்மானத்தில் தங்கியிருந்தது. இன்னொரு தீர்மானம் அதனை இல்லாமற் செய்தது.

இவ்விரு அனுபவங்களுக்கும் இடையிலான வேறுபாடே இவ்விடயத்தின் சாரம் எனலாம். 993இன் அருமை மீளப் பெற முடியாத ஒன்றின் மீது எழுந்தது. 911 ஆர் காரின் அருமையோ, எவரும் எப்போதும் மாற்றக்கூடிய ஒரு முடிவின் மீது எழுந்தது. இரண்டும் சந்தையில் ஒரே வகையான விலையேற்றமாகவே தோற்றமளிக்கின்றன. அத்திவாரம் மட்டும் வேறு.

அம்முடிவை எடுப்பது எப்போதும் உற்பத்தியாளர்தான் என்றில்லை, அரசாங்கங்களும் எடுக்கின்றன. அமெரிக்கச் சட்டப்படி, அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கமையத் தயாரிக்கப்படாத வாகனமொன்றை அது 25 ஆண்டுகளைக் கடந்த பின்னரே தடையின்றி இறக்குமதி செய்யலாம். 1999இல் வெளிவந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 காருக்கு 2024இல் அவ்வாயில் திறந்தது. நாள் நெருங்க நெருங்க ஜப்பானில் அதன் விலை ஏறியது. ஐரோப்பிய ஒன்றியமோ 2035 முதல் புகை வெளியிடும் புதிய கார்களின் விற்பனையை நிறுத்துவதற்கு 2023இல் சட்டமியற்றியது. 2025 டிசெம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழு அதனைத் தளர்த்த முன்மொழிந்தது. பெற்றோல் என்ஜின் மறைந்தே போகும் என்று கணக்கிட்டுப் பழைய கார்களை வாங்கிக் குவித்தவர்கள் தமது கணக்கை மீளாய்வு செய்ய வேண்டியவர்களாகின்றனர்.

மின்சாரக் கார்கள் இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. 2019இல் வெளிவந்த போர்ஷே டைகன், 2024இல் மேம்படுத்தப்பட்டபோது ஒரு தடவை மின்னேற்றி ஓடக்கூடிய தூரம் 35 வீதம் வரை அதிகரித்தது. புதியது எதனையும் எடுத்துச் செல்லவில்லை, கொடுத்தது மட்டுமே. எனவே முந்தைய டைகன்களை விரும்பித் தேடுவதற்குக் காரணம் ஏதும் எஞ்சவில்லை. ஒரே நிறுவனத்தின் 911 பெறுமதியைக் காப்பதிலும் டைகன் அதனை இழப்பதிலும் பெயர்பெற்றிருப்பது இதனாலேயே.

இனி நமது நாட்டுக்கு வருவோம். புதியவை வராததால் பழையவை பெறுமதி பெறுவது இலங்கையருக்கு, விசேடமாக வடபுலத்தாருக்கு, புதியதொன்றல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றை ஓடவைத்தது சேகரிப்பாளரின் ஆர்வமன்று, வேறு வழியின்மை. 2020இன் பின்னர் நாடு முழுவதும் நிகழ்ந்ததும், வடிவத்தில் மாறுபட்டாலும், தன்மையில் அதுவே. வகன் ஆர், விட்ஸ் போன்ற சிறிய கார்கள் விலையேறியது அவற்றின் சிறப்பினால் அன்று. ஒரு வர்த்தமானி அறிவித்தலினால் ஆகும். அதாவது, நமது சந்தையின் கார்கள் யாவும் 993 அல்ல, 911 ஆர்.

இதனை உணராத காரணத்தால் இழப்புக்குள்ளானவர்கள் செல்வந்தர்கள் அல்லர். உச்ச விலையில், உயர் வட்டிக்கு லீசிங் எடுத்து, பாவித்த கார் ஒன்றை வாங்கிய ஆசிரியரும், வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய பணத்தை வானில் முதலிட்டு வாடகைக்கு ஓடியவருமே. வாகனத்தின் விலை இறங்கினாலும் லீசிங் தவணை இறங்குவதில்லை. அதேவேளை, தடைக்கு முன் வாங்கி உச்சத்தில் விற்றவர் பெற்ற இலாபமும் முழுமையான இலாபமன்று. 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது டொலருக்கு 200 ரூபா என்றிருந்த நிலை 360 ரூபா வரை சென்றது. இரட்டிப்பான விலையில் பெரும்பகுதி ரூபாவின் தேய்வேயன்றி வாகனத்தின் வளர்ச்சி அன்று.

இறக்குமதி திறக்கப்பட்ட பின்னரும் பலர் எதிர்பார்த்தவாறு பழைய வாகனங்கள் மலிந்துவிடவில்லை. சுங்க வரி, உற்பத்தி வரி, சொகுசு வரி, 18 வீதப் பெறுமதி சேர் வரி ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய நிலையிலேயே புதியவை வருகின்றன. ஆகவே பழையதைத் தாங்கி நிற்கும் தூண் இன்று தடையன்று, வரியாகும். வரியும் ஒரு வர்த்தமானியால் மாறக்கூடியதே. வருமானத்துக்காக அரசாங்கம் அதனை நீடிக்கலாம். அரசியல் தேவைக்காகக் குறைக்கவும் கூடும். அந்த நாளில் இன்றைய விலைக்கு வாங்கியவர் 2017இல் 911 ஆர் வைத்திருந்தவரின் நிலையை அடைவார். வேறுபாடு ஒன்றுதான்: அவருக்கு அது மேலதிகச் செல்வம், இவருக்கு வாழ்நாட் சேமிப்பு.

எனவே இரு தரப்பினரும் சிந்திக்க வேண்டியுள்ளது. வாகன இறக்குமதி தொடர்பான வரிகளையும் கட்டுப்பாடுகளையும் திடீர் அறிவித்தல்களால் அன்றி, பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே வெளிப்படுத்தப்பட்ட அட்டவணையொன்றின்படி மாற்றுவது அரசாங்கத்தின் கடமையாகும். ஐரோப்பாவின் 2035 இலக்கு இன்று ஆட்டங்கண்டிருப்பினும், பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாக அறிவிக்கப்பட்டதால் உற்பத்தியாளரும் நுகர்வோரும் திட்டமிட அவகாசம் பெற்றனர். நமது மக்களுக்கு ஓரிரு ஆண்டு அவகாசமேனும் கிடைத்ததுண்டா?

மக்களும் வாகனத்தை அதன் இயல்பான இடத்தில் வைத்துப் பார்க்கப் பழக வேண்டும். வாகனம் பயணத்துக்கும் தொழிலுக்கும் உதவும் சாதனம். அது தரும் பயன் அதன் விலைக்கும் வட்டிக்கும் ஈடாகுமாயின் வாங்கலாம். விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே வாங்குவதற்கான காரணமாயின், அந்த எதிர்பார்ப்பு எதன் மீது நிற்கிறது, அதனை மாற்றும் பேனா எவர் கையில் இருக்கிறது என்ற வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவது விவேகமாகும்.