கல்யாணப் பரிசும் கொஞ்சம் வயிற்றெரிச்சலும்

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கிளையில் ஒரு மாநாடு நடந்தது. வாராக்கடன் பற்றியோ ஆடிட் பற்றியோ இல்லை. எங்களோடு இரண்டு வருடமாக வேலை பார்க்கும் பையனுக்குக் கல்யாணம். தூத்துக்குடிக்காரன். பெண் விளாத்திகுளம் பக்கம். கல்யாணம் முடிந்ததும் இங்கே டோம்பிவிலியில் ஒரு ரூம், ஒரு கிச்சன் வீட்டில் குடித்தனம். அவனுக்கு என்ன பரிசு கொடுப்பது என்பதுதான் அஜெண்டா.

ஒருவர் சுவர்க் கடிகாரம் என்றார். ஒரு அம்மணி வெள்ளி முலாம் பூசிய பிள்ளையார் என்றார். இன்னொருவர் தன் மச்சினன் கடையில் டின்னர் செட் சகாயமாகக் கிடைக்கும் என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "ஒரு கவர்ல பணமா வச்சுக் கொடுத்துடலாமே" என்றேன். ஏதோ கெட்ட வார்த்தை பேசியவனைப் பார்ப்பது போல எல்லோரும் பார்த்தார்கள். "என்ன சார் நீங்க? நினைவா ஒரு பொருள் இருக்க வேண்டாமா?"

அந்த 'நினைவா' என்ற ஒரு வார்த்தைதான் இந்தப் பதிவுக்குக் காரணம். அடிக்க வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டு வாருங்கள் :-)

எனக்குக் கல்யாணம் ஆனது 2008-ல், கோவில்பட்டியில். வந்த பரிசுகளை மறுநாள் என் தங்கை உட்கார்ந்து கணக்கெடுத்தாள். சுவர்க் கடிகாரம் பதினொன்று. டின்னர் செட் ஆறு. லெமன் செட் நாலு. ஹாட் பாக்ஸ் மூன்று. ராதா கிருஷ்ணர் படம் இரண்டு. பதினோரு கடிகாரமும் பதினோரு நேரம் காட்டியது வேறு விஷயம். நானும் மனைவியும் மும்பைக்கு ரயிலேறும்போது கையில் இருந்தது இரண்டு சூட்கேஸும் ஒரு பிரஷர் குக்கரும்தான். மீதியெல்லாம் அம்மா வீட்டுப் பரணுக்குப் போனது. அதில் பாதி, மேலே சுற்றியிருந்த ஜிகினாப் பேப்பர் மட்டும் மாறி, வேறு கல்யாணங்களுக்குப் போனது. யாரும் கோபப்படாதீர்கள், உங்கள் வீட்டுப் பரணிலும் இதுதான் நடக்கிறது என்று எனக்கும் தெரியும்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் 1993-ல் கிறிஸ்துமஸ் பரிசுகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பரிசு கொடுத்தவர் செலவழித்த பணத்துக்கும், வாங்கியவர் அந்தப் பொருளுக்குப் போடும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்தார். பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வீண் என்று வந்தது. பாவம் அவர், எங்கள் ஊர் லெமன் செட்டைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் முழுசும் வீண் என்று எழுதியிருப்பார்.

நம் பெரியவர்கள் இந்த விஷயத்தில் முட்டாள்கள் இல்லை. மொய் என்று ஒன்று வைத்தார்கள். படித்த நமக்கு அது கேவலமாகத் தெரிகிறது. ஒரு வங்கிக்காரனாகச் சொல்கிறேன், அது அருமையான ஏற்பாடு. வட்டி இல்லை, ஜாமீன் இல்லை, ஃபாரம் இல்லை. யாருக்குச் செலவு வருகிறதோ அவருக்கு ஊரே சேர்ந்து கைமாற்றுக் கொடுக்கிறது. அவர் மற்றவர்களுக்குச் செலவு வரும்போது திருப்பிச் செய்கிறார். புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமலே, ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள். கறிச்சோறு போட்டு, நோட்டுப் போட்டு எழுதி, வந்த பணத்தில் தொழில் ஆரம்பிக்கிறவர்கள் உண்டு.

அந்த ஏற்பாட்டில் எனக்கு ஆகாதது ஒன்றே ஒன்றுதான். மைக். "மாமன் முறை இன்னார் அம்பதாயிரத்து ஒண்ணு, சித்தப்பா முறை இன்னார் இருநூத்து ஒண்ணு" என்று ஊர் கேட்க வாசிப்பது. பணம் கொடுப்பதில் குற்றம் இல்லை. அதை வாசித்துக் காட்டுவதில்தான் இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

"சரி, கடிகாரம் வேண்டாம். தங்கமா கொடுத்துடறேன், அது வீணாகாதே" என்பவர்களுக்கு. ஒரு கிராம் ஆயிரத்துக்குள் கிடைத்த காலத்தில் மோதிரம் போட்டுப் பழகிய கை நம்முடையது. 2025-ல் கிராம் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. சின்ன உருப்படிக்குச் செய்கூலி சதவீதம் எப்போதும் கூடத்தான். அதற்கு மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம். வாங்கிய கடைக்கே மறுநாள் கொண்டு போனாலும் அந்த இரண்டும் திரும்பி வராது. வீடு பிடிக்கவே கையில் காசில்லாத பையனுக்கு ஒரு கிராம் காசு கொடுத்தால், அவன் ஒன்று அதை நஷ்டத்துக்கு விற்க வேண்டும், இல்லை என் போன்றவனிடம் கொண்டு வந்து அடகு வைக்க வேண்டும். இரண்டுக்கும் பதில் பணமாகவே கொடுத்துவிட்டால் என்ன?

அதுகூடப் பெரிசில்லை. பெரிய விஷயத்தை இதுவரை நான் எங்கேயும் எழுதியதில்லை.

எனக்கு ஒரு மாமா. அம்மாவின் தம்பி. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. என் கல்யாணத்தில் மேடை ஏறி, வீடியோக்காரர் லைட்டுக்கு முன்னால், என் விரலில் அரைப் பவுன் மோதிரம் போட்டார். தாய்மாமன் இல்லையா, போடாமல் இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே. மோதிரம் எனக்குக் கொஞ்சம் இறுக்கம். ஒரு வாரம் போட்டிருந்துவிட்டுக் கழற்றி வைத்தேன். இன்று வரை லாக்கரில் இருக்கிறது. வருடா வருடம் அந்த லாக்கருக்கு வாடகை கட்டுகிறேன்.

2014-ல் மாமா மகளுக்குக் கல்யாணம். குடும்பத்தோடு போனேன். பெண்ணின் அம்மா, என் அத்தை, கழுத்தில் வெறும் மஞ்சள் கயிற்றோடு பந்தியில் ஓடிக்கொண்டிருந்தார். எப்போதும் போட்டிருக்கும் ஒன்றரைப் பவுன் செயினைக் காணோம். ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். அம்மா முதலில் பேச்சை மாற்றினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "ஒனக்கு மோதிரம் போடத்தாம்ப்பா அந்தச் செயினை வச்சான். எட்டாயிரம். அப்புறம் திருப்ப முடியல, மூழ்கிப் போச்சு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

நூற்றுக்கு மூணு வட்டி. மாசத்துக்கு. பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? எட்டாயிரத்துக்கு மாசம் 240. இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 5,760. தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் அந்த 240 எங்கிருந்து வரும்? எங்கள் கிளையில் ஒரு நாளைக்கு எத்தனை நகைக்கடன் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு மோதிரத்துக்காக ஒரு செயின் மூழ்கும் என்ற கணக்கு என் சொந்த விரலில் இருந்தது எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு நான் மும்பையிலிருந்து கொண்டு போயிருந்த பரிசு என்ன தெரியுமா? ஒரு டின்னர் செட்.

திரும்பி வந்ததும் அத்தை பெயருக்குப் பணம் அனுப்பினேன். மாமா போன் போட்டு அரை மணி நேரம் திட்டினார். பணத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த மட்டில் எனக்கு நிம்மதி. டின்னர் செட் இன்னும் அவர்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது.

நிற்க.

இப்போது சொல்லுங்கள். 'நினைவா ஒரு பொருள்' என்று சொல்கிறோமே, அது யாருடைய நினைவுக்கு? மேடையில் பார்த்துக்கொண்டிருந்த நாலு பேரின் நினைவுக்குத்தானே? அந்த நாலு பேர் சாம்பாரில் உப்பு கம்மி என்பதைத் தவிர எதையும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள்.

வெளியூரில் இருக்கும் நமக்கு இதில் இன்னொரு கூத்து உண்டு. ஊரில் இருப்பவர்களுக்கு நாம் 'பம்பாய்க்காரர்கள்'. கொஞ்சமாகச் செய்தால் குறைச்சல். அதனால் கிரெடிட் கார்டைத் தேய்த்து வாங்கிக் கொண்டு போகிறோம். கார்டு பாக்கியை நிறுத்தி வைத்தால் வருடத்துக்கு 36-லிருந்து 45 சதவீதம் வரை வட்டி. மாமா வாங்கிய மூணு வட்டிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதில் சேட்டு நேரில் உட்கார்ந்திருப்பார், இதில் எஸ்.எம்.எஸ். வரும். அவ்வளவுதான். நாலு பேர் கொண்ட குடும்பம் மூன்றாம் வகுப்பு ஏசியில் ஊருக்குப் போய் வரவே பதினைந்தாயிரம் பக்கம் வந்துவிடுகிறது. அந்தப் பயணமே ஒரு சீர்தான் ஐயா. வந்து நிற்கிறோமே, அதற்கு மேல் என்ன?

இங்கே மராட்டியர்களிடம் ஒரு நல்ல பழக்கம் பார்க்கிறேன். கல்யாணப் பரிசுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'ஆஹேர்'. பல பத்திரிகைகளில் "உங்கள் வருகையே எங்களுக்கு ஆஹேர்" என்று அச்சடித்திருப்பார்கள். நம் பக்கமும் "அன்பளிப்புகளைத் தவிர்க்கவும்" என்று போடுகிறார்கள். ஆனால் நம் ஆட்கள் அதை யாருக்கோ எழுதியது என்று நினைத்துக்கொண்டு கடிகாரத்தோடு போய் நிற்பார்கள்.

திட்டிக்கொண்டே இருந்தால் ஆச்சா, வழி சொல்ல வேண்டாமா? என் அனுபவத்தில் சில.

ஒன்று. பட்ஜெட் என்பது இந்த மாதச் சம்பளத்தில் கை வலிக்காமல் எடுக்க முடிந்தது. அவர் நமக்கு எவ்வளவு செய்தார் என்பது கணக்கில்லை. 201 முடிந்தால் 201. கடன் வாங்கிச் செய்வது பரிசு இல்லை.

இரண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள். "உங்களுக்கு என்னப்பா வேணும்?" என்று மாப்பிள்ளையிடமோ பெண்ணிடமோ ஒரு போன் போட்டால் போதும். புதுக் குடித்தனத்துக்கு வேண்டியது கேஸ் இணைப்பு, வாடகை அட்வான்ஸ், பாய், தலையணை. இதெல்லாம் ஜிகினாப் பேப்பரில் சுற்ற முடியாதவை.

மூன்று. பொருள்தான் கொடுப்பேன் என்று அடம் பிடிக்கிறவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே பொருளாகக் கொடுங்கள். ஆளுக்கு அறுநூறு ரூபாய்க்குப் பத்துக் கடிகாரம் வாங்கும் காசில் நல்ல டேபிள் டாப் கிரைண்டர் ஒன்று வரும். வெளியூரில் இட்லி மாவு அரைக்கிற பெண்ணைக் கேட்டுப் பாருங்கள் அதன் அருமையை. (மாவு அரைக்கிற ஆணையும் கேட்கலாம். எங்கள் வீட்டில் அடியேன்தான்.) வாங்கும் முன் பெண் வீட்டில் ஏற்கெனவே கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

நான்கு. பணத்தைக் கவரில் வையுங்கள். ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள். நோட்டுக்கட்டில் பின் அடிக்கக் கூடாது என்று 2001-லேயே ரிசர்வ் வங்கி எங்களுக்குச் சொல்லிவிட்டது. நோட்டில் 'வாழ்க வளமுடன்' எழுதாதீர்கள். நோட்டு மாலை வேண்டவே வேண்டாம். புது நோட்டுக்காகக் கவுண்டரில் வந்து சண்டை போடாதீர்கள். பழைய நோட்டுக்கும் அதே மதிப்புதான்!

ஐந்து. போனிலேயே அனுப்பினாலும் மரியாதைக் குறைவில்லை. கொரோனா சமயத்தில், 2021 ஜனவரியில், மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையிலேயே கூகுள் பே, போன்பே கட்டம் அச்சடித்திருந்தார்கள். அன்று சிரித்தோம். கவர் தொலையாது, யார் கொடுத்தது என்ற குழப்பமும் இல்லை. கல்யாணத்துக்காக மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வருமான வரியும் கிடையாது, யார் கொடுத்தாலும். அதை டெபாசிட் போட்டு வரும் வட்டிக்கு உண்டு. ஒரே ஆள் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுப்பது மட்டும் சட்டப்படி ஆகாது. அந்தக் கவலை உங்களுக்கும் எனக்கும் வரப் போவதில்லை :-)

இனி எங்கள் கிளைக் கதைக்கு வருகிறேன். அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். நெளிந்தான். "ஒண்ணும் வேணாம் சார்" என்றான். விடவில்லை. "வீட்டு டெபாசிட்டுக்கு இருபதாயிரம் குறையுது சார்" என்றான். கடிகாரத்தில் எந்த முள்ளைத் திருப்பினால் இருபதாயிரம் வரும்?

எங்கள் கிளையில் ஒரு கடைநிலை ஊழியர் இருக்கிறார். யாருக்காவது பரிசு வசூல் என்றால் அன்றைக்கு லீவு போட்டுவிடுவார். ஆளுக்கு இவ்வளவு என்று பேர் எழுதி, எதிரே தொகை எழுதி, ஒரு பேப்பர் மேஜை மேஜையாகச் சுற்றுமே, அந்தப் பேப்பருக்குப் பயந்து. அதுவும் மைக்தான், சத்தம் வராத மைக். இந்த முறை பேப்பர் கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஒரே கவர். என் ரூமில் மேஜை மேல் இரண்டு நாள் இருக்கும். முடிந்தவர் முடிந்ததை வைக்கலாம். முடியாதவர் வாழ்த்து எழுதி வைக்கலாம். நான் பார்க்க மாட்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் எண்ணினோம். பதினோராயிரத்து நூறு. ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைப் போட்டு ஒட்டினேன். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த ஊழியர் இரண்டு நாளும் லீவு போடவில்லை என்பது மட்டும் தெரியும்.

அடுத்த முகூர்த்தத்துக்குப் பத்திரிகை வந்திருக்கும், எடுத்துப் பாருங்கள். பரிசுக் கடைக்குப் போகும் முன் ஒரு போன் போடுங்கள்.

டிஸ்கி: சென்ற வருடம் எனக்குச் சுவர்க் கடிகாரம் பரிசளித்த நண்பர் இதைப் படித்தால் மன்னிக்கவும். நேரம் சரியாகத்தான் காட்டுகிறது.