ஆண்டவரின் பெயரால் எங்கள் வாயை அடைக்காதீர்கள்

2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்த ஏப்ரல் 21 வந்தால் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில் வாகனங்கள் வரிசை கட்டும். வெள்ளை உடுப்பு, கையில் மலர்வளையம், சுற்றிலும் மெய்க்காப்பாளர்கள். காலை 8.45க்கு மணி அடிக்கும், எல்லாரும் தலைகுனிந்து நிற்பார்கள். அது முடிந்ததும் யாராவது ஒருவர் எங்கள் பக்கம் திரும்பி ஆறுதல் சொல்வார்: "எல்லாத்தையும் ஆண்டவரிட்ட ஒப்படையுங்கோ. அவருக்கு மேல நீதிபதி ஆர்?"

ஐயா, இதை எங்களுக்குச் சொல்லித்தர நீங்கள் வரவேண்டுமா? ஞானோபதேச வகுப்பில் பெஞ்சில் கால் எட்டாத வயதிலேயே படித்த முதல் பாடம் அது. ஆண்டவர் எல்லாருக்கும் மேல் என்றால் ஜனாதிபதி அவருக்குக் கீழே, பொலிஸ் மா அதிபர் கீழே, பாதுகாப்புச் செயலாளர் கீழே. கீழே இருப்பவன் கணக்குச் சொல்லவேண்டும். உங்கள் வாயில் மட்டும் அதே பாடம், நாங்கள் கேள்வி கேட்கக்கூடாது என்று ஏன் தலைகீழாகிறது?

நடந்ததை நாங்கள் மறந்துவிட்டோம் என்று நினைக்கிறீர்களா? 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி பொலிஸ் தலைமையகத்திலிருந்து போன கடிதத்தில் குண்டுதாரிகளின் தலைவன் சஹ்ரானின் பெயர் இருந்தது, கத்தோலிக்கக் கோயில்கள் குறி என்பதும் இருந்தது. அந்தக் கடிதம் போனது பிரமுகர்களைக் காக்கும் பிரிவுகளுக்கு. எங்கள் சுவாமியாருக்குப் போகவில்லை, கர்தினாலுக்கும் போகவில்லை. தன் தகப்பனாருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, அதனால் தான் பூசைக்குப் போகவில்லை என்று ஓர் அமைச்சரே பிறகு வாய்திறந்து சொன்னார். பத்து நாள் ஐயா! ஒரு தொலைபேசி அழைப்பு போதாதா? கோயிலைப் பூட்டி வையுங்கள் என்று ஒரு வார்த்தை? பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை போட்டு, உயிர்த்த ஞாயிறு என்று தலைவாரிக் கூட்டிக்கொண்டு போனோமே, எங்கே போகிறோம் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை. அதே காலையில் குண்டு வெடித்த நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய கோயிலிலும் தெரியவில்லை. மட்டக்களப்பு சீயோன் சபையில் ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே வந்து நின்ற குஞ்சுகளுக்கும் தெரியவில்லை.

உடைந்த கோயில் சுவரைக் கட்ட உங்களுக்கு இரண்டு மாதம்கூட எடுக்கவில்லை. கடற்படை இறங்கி வேலைசெய்து, திருவிழாவுக்கு முதல்நாள் ஜூன் 12ஆம் திகதி கோயில் திறந்தாயிற்று. செய்ய நினைத்தால் செய்ய முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

ஒரு செவ்வாய் நவநாள் முடிந்து கூட்டம் கலைகிற நேரம். இறந்தவர்களின் பெயர் பொறித்த கல்லுக்கு முன்னால் ஓர் அம்மா. லேஞ்சியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, ஒரேயொரு பெயரை எழுத்தெழுத்தாகத் துடைத்தார். போகத் திரும்பியவர் நின்று யோசித்தார். பிறகு பக்கத்துப் பெயரையும் துடைத்தார், அதற்கடுத்ததையும். அந்த அம்மாவிடம் போய் ஆண்டவரிடம் ஒப்படையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். அவர் ஒப்படைத்துத்தான் இத்தனை வருடம் ஆகிறது.

நீதிமன்றமா? 2022 பெப்ரவரியில் முன்னாள் பாதுகாப்புச் செயலாளரும் பொலிஸ் மா அதிபரும் குற்றவியல் வழக்கிலிருந்து விடுதலையானார்கள். ஆளுக்கு 855 குற்றச்சாட்டு! 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் எங்கள் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்புச் சொன்னது. குண்டு வெடித்தபோது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாய் கட்டவேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு, இல்லையென்று சொல்லவில்லை. அவர் தவணை போட்டுக் கட்டினார். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் வாங்கினால் அப்படித்தான் கட்டுவோம்.

அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லியிருக்கிறாரே பவுல் என்று இன்னொரு பக்கம் உபதேசம். சொல்லியிருக்கிறார்தான். தாவீது ராசாவின் அரண்மனைக்குள் போய் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொன்ன நாத்தான் எந்த வேதத்தில் இருக்கிறார்? ஏரோதைக் கண்டித்துத் தலையைக் கொடுத்த அருளப்பர்? மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிவோம் என்று யூதரின் தலைமைச் சங்கத்தின் முன்னால் நின்ற பேதுரு?

அவ்வளவு தூரம் ஏன் போவான். கொச்சிக்கடைக் கோயிலின் கதையே அதுதான். கத்தோலிக்கக் குருவுக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தால் மரணம் என்று 1658இல் ஒல்லாந்தர் கட்டளை போட்டார்கள். அந்தச் சட்டத்தை மதித்திருந்தால் இந்த ஊரில் பூசையே இருந்திராது. வேடம் மாறி வந்து இந்தக் கோயிலைத் தொடங்கிய அந்தோனியோ சுவாமியாரை முகத்துவாரத்து மீன்பிடிச் சனம் ஒளித்துக் காத்ததாக எங்கள் கிழவிகள் சொல்வார்கள். அதே ஒல்லாந்தரின் கண்ணில் மண்ணைத் தூவி 1687இல் கரையேறிய யோசேப்பு வாஸ் அடிகளை 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தினார் பாப்பரசர் பிரான்சிஸ். முதல்நாள் அவரை விமான நிலையத்தில் வரவேற்றவர், பதவியேற்றுச் சில நாளே ஆன சிறிசேனதான்! சட்டத்தை மீறிய குருவுக்கு அரச மரியாதை. சட்டப்படி நியாயம் கேட்கிற எங்களுக்கு உபதேசம்.

மன்னிப்பு என்கிறீர்கள். குண்டு வெடித்த அந்தக் கிழமை ஒருவர்மேலும் கைவைக்காதீர்கள் என்று கர்தினால் மன்றாடினார், எங்கள் ஊர் கொட்டாஞ்சேனை கேட்டது. பிறகு வெளியே பல இடங்களில் அப்பாவி முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன, அந்த வெட்கமும் எங்களுக்கு உண்டு. செவ்வாய்க்கிழமைகளில் எங்களோடு மெழுகுதிரி கொளுத்துகிற முஸ்லிம் அம்மாமாரின் முகத்தை அதற்குப் பிறகும் நாங்கள் பார்க்கவேண்டியிருந்தது. குண்டு வைத்தவனை மன்னிக்கிற பாடு எங்களுக்கும் ஆண்டவருக்கும் இடையில். தெரிந்தும் பேசாமல் இருந்தவனின் கணக்கை நாங்கள் எப்படித் தள்ளுபடி செய்வது? செத்த பிள்ளை எங்களுக்கு அந்த உரிமையை எழுதித் தந்துவிட்டா போனது?

அடுத்த ஏப்ரலுக்கும் வருவீர்கள். வாருங்கள், வாசல் எல்லாருக்கும் திறந்த வாசல். மலர்வளையம் வேண்டாம். அந்த எச்சரிக்கைக் கடிதம் யார் யார் கையில் இருந்தது, கோயிலுக்குச் சொல்லவேண்டாம் என்று தீர்மானித்தது யார், ஏன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு எடுத்துவாருங்கள். பீடத்துக்கு முன்னால் நின்று நீங்களே வாசியுங்கள்.