‘ராப்’ குப்பையன்று: சலாலாத் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்கும்



“ராப் பாட்டா? குப்பை! நிறுத்து அதை!” சலாலாவின் தமிழ் இல்லங்களில் அடிக்கடி ஒலிக்கும் ஆணை இது. இதே ஆணையை இடும் தந்தையார், பொங்கல் விழா மேடையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இரட்டைப் பொருள் திரைப்பாடலுக்கு இடுப்பை அசைத்து ஆடும்போது முன்வரிசையில் அமர்ந்து கைதட்டுகின்றார். கைப்பேசியில் படமும் பிடிக்கின்றார். ஆகவே, இச்சினம் ஆபாசத்தின் மீது எழுந்த சினம் என்று கூறுவதை நாம் ஏற்பதற்கில்லை. அறியாத ஒன்றின் மீதுள்ள அச்சம் என்றே கொள்ள வேண்டியுள்ளது.

இளையோரும் இதில் குற்றமற்றவர் அல்லர். உங்கள் கைப்பேசியில் உள்ளவை பெரும்பாலும் சென்ற மாதம் வந்த பாடல்கள். தங்கச் சங்கிலியும் விலையுயர்ந்த காரும் அன்றி வேறு பொருளறியாத பாடல்கள் அவற்றுள் பல. இவ்விசையை முதலில் ஆக்கியவர் யாவர் என வினவினால் உங்களிடம் விடையில்லை.

அவர்களுள் முதன்மையானோர் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள். இவ்வொரு செய்தியைப் பெற்றோர் அறிந்திருந்தால் இல்லங்களில் இத்துணைச் சண்டை நேர்ந்திராது.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்த கிளைவ் கேம்பல், 1967இல் தம் 12ஆம் வயதில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். அவரது பேச்சின் சாயலைக் கேட்டுப் பிற சிறுவர் நகைத்தனர். பெருஞ்சாலை ஒன்றுக்காகக் குடியிருப்புகள் பல இடிக்கப்பட்ட பகுதி அது. எழுபதுகளில் கட்டடங்கள் அடுத்தடுத்துத் தீக்கிரையாகின. அங்கு 1973 ஆகஸ்ட் 11 அன்று, பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் திரட்டுவதற்காக அவருடைய தங்கை சிண்டி ஒரு விருந்து நடத்தினார். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசை வழங்கிய அண்ணன்தான் ‘டிஜே கூல் ஹெர்க்’. ஹிப் ஹாப் பிறந்த நாளென உலகம் கொண்டாடும் நாள் அது. அன்று ஒலித்த ஒலிபெருக்கிகள் யாருடையவை தெரியுமா? அவருடைய தந்தையாருடையவை! பெற்றோர் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஹெர்க் செய்தது நுட்பமான வேலை. ஒரு பாடலில் பாடகர் அடங்கி முரசு மட்டும் ஒலிக்கும் இடம் சில நொடிகளே நீடிக்கும். ஆடுவோர் காத்திருப்பது அவ்விடத்திற்கே என்பதை அவர் கண்டுகொண்டார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழலிகளில் இட்டு, ஒன்றில் அப்பகுதி முடியுமுன் மற்றொன்றில் அதனைத் தொடங்கி, சில நொடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். பார்படோசில் பிறந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அக்கலையைக் கணக்கு வழுவாத கைத்திறனாக வளர்த்தார். இசைக்கல்லூரிக்குக் கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகள், வீட்டில் கிடந்த பழைய தட்டுகளையே இசைக்கருவியாக்கினர்.

1982இல் வெளிவந்த ‘தி மெசேஜ்’ பாடலைக் கேளுங்கள். கொண்டாட்டப் பாட்டாக இருந்த ராப், வறியவர் குடியிருப்பின் நெருக்கடியை ஒளிவுமறைவின்றிப் பேசிய பாடல் அது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2002ஆம் ஆண்டுக்கான தன் முதல் ஒலிப்பதிவுப் பாதுகாப்புப் பட்டியலிலேயே அதனைச் சேர்த்துக்கொண்டது. ‘பெண்களை இழிவுபடுத்தும் இசையன்றோ?’ என்பீர்கள். அத்தகைய பாடல்கள் உண்டு, மறுக்கவில்லை. அவ்விழிவை அக்கலைக்குள்ளேயே நின்று எதிர்த்தவர் குயீன் லத்தீஃபா. 1989இல் வந்த அவரது ‘லேடீஸ் ஃபர்ஸ்ட்’ பாடலை மகளோடு அமர்ந்து கேட்கத் தயங்கும் தாய், எந்தத் திரைப்பாடலைத் தயங்காமல் கேட்கின்றார்?

இனி எம்மவர் கதைக்கு வருவோம். மலேசியத் தமிழரான யோகி பி, தொண்ணூறுகளில் ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் ஆங்கிலத்தோடு தமிழிலும் சொல்லிசை பாடினார். 2006இல் ‘நட்சத்ரா’வுடன் அவர் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு தமிழகத்தையே திரும்பிப் பார்க்கச் செய்தது. 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்திற்கு இளையராஜா அமைத்த ‘மடை திறந்து’ பாடலை எடுத்து, அதன்மீது தம் சொற்களை அவர்கள் அடுக்கினர். பழைய தட்டைப் புதிதாய்ப் பேசவைத்த பிராங்ஸ் முறையே அது. புலம்பெயர் மண்ணில் பிறந்த பிள்ளைகள், தந்தையர் கேட்ட பாட்டையே எடுத்துத் தம் பாட்டாக்கினர்!

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘திருப்புகழின் சந்தத்தில் இல்லாத ராப்பா?’ என்று மார்தட்டுவோர் நம்மிடையே பலர். திருப்புகழ் திருப்புகழே, ராப் ராப்பே. மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என இரு கட்சியாய்ப் பிரிந்து வாதிட்ட தஞ்சை லாவணிக்கும் ராப் மோதல்களுக்கும் உறவுமுறை தேடுவது வீண். ஆயினும் எதுகையும் மோனையும் வழங்கும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அக்கலை அந்நியமாகாது. சலாலாவிலோ முரசுக்குக் குறைவில்லை. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற தோஃபாரின் ‘பர்ஆ’, முரசோடு கவிதை பாடி ஆடும் கலையன்றோ?

சலாலாவுக்குக் கிழக்கே சும்ஹுரம் என்னும் பழந்துறைமுகத்தில் 2006இல் கிடைத்த பானையோடு ஒன்றில் ‘ணந்தை கீரன்’ என்ற பெயர் தமிழ்பிராமியில் உள்ளது. 2012இல் அறிஞர்கள் அதனைப் படித்து, கி.பி. முதல் நூற்றாண்டினது எனக் கணித்தனர். தன் பெயரைச் சுவரெங்கும் எழுதிச் சென்ற நியூயார்க் இளைஞன் ‘டாக்கி 183’ பற்றி 1971இல் நாளேடு எழுதியது. அவனும் கிரேக்கத்திலிருந்து வந்தோர் வழியினன். பெயரெழுதும் வேட்கை இரு துறைமுக நகரங்களிலும் இருந்திருக்கின்றது!

எம் பிள்ளைகள் எதை எழுதுகின்றனர்? இங்குப் பிறந்தாலும் இந்நாடு அவர்களுடையதன்று. தந்தையின் வேலை உள்ளவரை மட்டுமே விசா. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து கோவைக்கோ திருச்சிக்கோ சென்றால் அங்கு ‘கல்ஃப் பையன்’ என்பர். தென்னையும் வாழையும் நிறைந்த ஊரில், கரீஃப் மழைச்சாரலில் வளர்ந்த அப்பிள்ளையின் வாழ்வைப் பாடும் திரைப்பாடல் ஒன்றேனும் உண்டா? எந்தப் பாடலாசிரியரும் அவனுக்காக எழுதப்போவதில்லை. அவனே எழுதுதல் வேண்டும். அதற்கு ஒரு தாளமும் சில சொற்களுமே போதும். அச்சொற்கள் தமிழாய் அமையப் பெற்றோர் துணைநிற்க வேண்டும்.

வரும் பொங்கல் விழாவை நடத்துவோருக்கு எம் கோரிக்கை இது: திரைப்பாடல் ஆட்டங்களுள் மூன்றை நீக்குங்கள். அவ்வரைமணி நேரத்தைத் தாமே தமிழில் எழுதிய சொல்லிசையைப் பாடும் பிள்ளைகளுக்கு வழங்குங்கள். முன்வரிசையில் வழக்கம்போல் தந்தையர் அமரட்டும்.