பிழை வந்தால் அடுத்த வரிக்குப் போ

புனேயில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் எனக்குச் சென்ற மாதம் ஓர் எக்செல் கோப்பு பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்தது. மூத்த ஆய்வாளர்கள் வழிவழியாகக் கைமாற்றிவந்த மேக்ரோ அதற்குள் இருக்கிறது. குடும்ப வருமானக் கணக்கெடுப்பின் தரவை இட்டுப் பொத்தானை அழுத்தினால் சராசரி வந்துவிடும். எழுதியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. “உள்ளே கைவைக்காதே, நன்றாகத்தான் ஓடுகிறது” என்ற எச்சரிக்கை மட்டும் உடன் வந்தது.

கைவைத்தேன். தொடக்கத்திலேயே ‘ஆன் எரர் ரெசூம் நெக்ஸ்ட்’ என்ற வரி. பிழை நேர்ந்தால் வாய்திறவாமல் அடுத்த வரிக்குப் போ என்று பொருள். எஃப்8 விசையை அழுத்தி ஒவ்வொரு வரியாக நகர்த்தி, மாறிகளின் மதிப்பைக் கவனித்தபோதுதான் கதை விளங்கிற்று. வருமானக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் ‘சொல்ல விரும்பவில்லை’ என்று எழுதியிருந்தால், எண்ணுக்கென அறிவிக்கப்பட்ட மாறி அதை ஏற்காது. வகை பொருந்தவில்லை என்னும் 13ஆம் எண் பிழை எழும். எழுந்த பிழையை அந்த ஒற்றை வரி விழுங்கிவிடுகிறது. மாறியிலோ முந்தைய வீட்டின் வருமானம் அப்படியே தங்கியிருக்கிறது. அதுவே மறுபடியும் கூட்டப்படுகிறது. பதில் சொல்ல மறுத்த குடும்பத்துக்கு அண்டை வீட்டாரின் வருமானத்தை நாம் எழுதிக்கொடுத்திருக்கிறோம்!

“சராசரி பெரிதாக மாறாது” என்றார் ஒரு மூத்தவர். கணக்கிட்டுப் பார்த்தா சொன்னார்? இல்லை. ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010இல் அரசுக் கடனையும் பொருளாதார வளர்ச்சியையும் குறித்து வெளியிட்ட கட்டுரையைப் பொருளியல் மாணவர் அனைவரும் அறிவர். அவர்களது எக்செல் தாளில் சராசரிக்கான வாய்பாடு 49ஆம் வரிசை வரை செல்லாமல் 44இலேயே நின்றதால் ஐந்து நாடுகள் விடுபட்டன. 2013இல் வெளிவந்த குறைகளுள் அதுவும் ஒன்று. அது மேக்ரோகூட அன்று, வெறும் வாய்பாடு. கண்டுபிடித்த தாமஸ் ஹெர்ண்டன் அப்போது மாசசூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். மூல ஆசிரியர்கள் தங்கள் கோப்பை அவருக்குக் கொடுத்தார்கள் என்பதை மறக்கலாகாது. நம்மில் எத்தனை பேர் கொடுப்போம்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி நம் ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை பத்து விழுக்காட்டைத் தாண்டினால் கேள்வி எழும். கணக்கிட்ட மேக்ரோவைக் காட்டு என்று என்னை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. சொற்களுக்குக் காவல், எண்களுக்குத் திறந்த வீடு.

எக்செல்லை விட்டுப் பைத்தானுக்கு வா என்பார்க்கு ஒரு சொல்: அங்கும் ‘எக்ஸெப்ட்’ என்பதன்கீழ் ‘பாஸ்’ என்றெழுதிப் பிழையைப் புதைக்கலாம். ஒரு தாள் இருக்கிறதா என்று சோதிக்கும் ஓரிடத்தில் மட்டும் அந்த வரியை இட்டு, உடனே ‘ஆன் எரர் கோட்டோ 0’ என்று விலக்கிக்கொண்டால் எனக்கும் வழக்கில்லை.

இதே ஊரில் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919இல் மகாபாரதச் செம்பதிப்பைத் தொடங்கி 1966இல் முடித்தது. 1,259 சுவடிகளை ஒப்புநோக்கினர். பாடபேதங்களைப் பக்கத்தின் அடியில் தந்தனர். தெரிந்தெடுத்த பாடம் உறுதியற்றது என்று தோன்றிய இடத்தில் அதன் கீழே நெளிகோடு இட்டனர். கணினியின்றி அவர்கள் காட்டிய ஐயத்தை, கணினியை வைத்துக்கொண்டு நாம் மறைக்கிறோம்.

அந்த வரிக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறியிட்டு அதைச் செயலிழக்கச் செய்து மேக்ரோவை ஓட்டினேன். 47ஆம் வரிசையில் நின்றது. திருத்தி ஓட்டினேன், 112இல் நின்றது. இப்போது ஒவ்வொரு நிறுத்தத்தையும் தனித் தாளில் குறித்துவருகிறேன். அந்தத் தாளை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்க நெறியாளரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். இதே மேக்ரோவால் பட்டம் பெற்ற மூத்தவர்கள் தங்கள் மூலத் தரவுக் கோப்புகளையும் அனுப்பிவைத்தால் அவற்றையும் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.